பிள்ளையைத் தடுத்துப் பிடிக்கச் சம்மதம் கேட்கிறார்கள்: பாதுகாப்பானதா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது?

வெள்ளவத்தைத் தாய்:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 11 வயது. ஓட்டிசம் உள்ளவன், சில சொற்களே பேசுவான், மழைக்காலத்தில் முட்டு (ஆஸ்துமா) வரும். மூன்று வருடங்களாகக் கொழும்பிலுள்ள தனியார் விசேட கல்வி நிலையமொன்றுக்குப் போய் வருகிறான். அங்குள்ள மிஸ்மார் அன்பானவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சென்ற மாதம் நிலையத்தின் ஊழியர்கள் 6 பேருக்கு இரண்டு நாள் "நடத்தை நெருக்கடி முகாமைத்துவம்" பயிற்சி நடந்தது. சான்றிதழ்களுடன் எடுத்த படத்தை முகநூலிலும் போட்டார்கள். மறு வாரம் பெற்றோர் எல்லோருக்கும் ஒரு பக்கச் சம்மதப் படிவம் வந்தது. "நெருக்கடி வேளைகளில் பிள்ளையை உடல்ரீதியாகக் கட்டுப்படுத்துவதற்குச் சம்மதிக்கிறேன், அதன்போது ஏற்படக்கூடிய காயங்களுக்கு நிலையம் பொறுப்பாகாது" என்பதுதான் அதன் சாரம். எது நெருக்கடி, எப்படிப் பிடிப்பார்கள், எவ்வளவு நேரம் பிடிப்பார்கள் என்ற விபரம் எதுவும் இல்லை.

கடந்த தவணையில் ஒருநாள் மகன் இடது மேல் கையில் நான்கு விரல் தடத்துடன் வீட்டுக்கு வந்தான். கேட்டபோது, "கொஞ்சம் குழப்பம் செய்தார், அமைதிப்படுத்தினோம்" என்று மட்டும் சொன்னார்கள். அவனுக்கு நடந்ததைச் சொல்லத் தெரியாது. நிலையத்தை விட்டால் வேறு இடம் தேடுவது எங்களுக்கு எளிதல்ல. ஆகவே சண்டை பிடிக்கவும் விருப்பமில்லை, கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடவும் மனமில்லை. இத்தகைய ஏற்பாடு பாதுகாப்பானதா என்று ஒரு பெற்றோர் எப்படி மதிப்பிடுவது? எதைக் கேட்க வேண்டும்? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தாதி, தெஹிவளை:

தங்கச்சி, உங்கள் பதிவில் "அமைதிப்படுத்தினோம்" என்ற சொல்லைக் கண்டதும் சற்று நேரம் வாசிப்பை நிறுத்திவிட்டேன். நான் 26 வருடங்கள் தாதிய உத்தியோகத்தராக இருந்தவள். அவற்றுள் பெரும்பகுதி மனநல விடுதிகளில் கழிந்தது. தொண்ணூறுகளில் நாங்கள் படுக்கை விரிப்புகளால் ஆட்களைக் கட்டிலோடு கட்டியிருக்கிறோம். மறுநாள் காலை ஏட்டில் அதே ஒரு சொல்தான் இருக்கும்: அமைதிப்படுத்தப்பட்டார். யார் கட்டினார்கள், எத்தனை மணிக்கு அவிழ்த்தார்கள், இடையில் யார் வந்து பார்த்தார்கள் என்று எங்களிடம் எவரும் கேட்டதில்லை, நாங்களும் எழுதியதில்லை. கொடுமை செய்கிறோம் என்று நினைத்து அதைச் செய்யவில்லை. அதுதான் இதிலுள்ள ஆபத்து.

முதலில் உடலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு நாள் பயிற்சிகளில் இதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். ஒருவரைக் குப்புறக் கிடத்தி, முதுகிலோ தோளிலோ இன்னொருவர் பாரத்தைப் போட்டால் விலா எலும்புகளும் உதரவிதானமும் விரிய இடமிருக்காது. போராடும் உடலுக்கு வழமையைவிட அதிக ஒட்சிசன் வேண்டும், கிடைப்பதோ குறைவு. மூச்சுக்காக அவர் இன்னும் பலமாக உதறுவார். பிடித்திருப்பவர் அதை முரண்டு என்று எடுத்துக்கொண்டு மேலும் அழுத்துவார். "கத்துகிறான்தானே, அப்படியானால் மூச்சு விடுகிறான்" என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்; அது முழுப் பிழை. ஒரு சொல்லைக் கத்துவதற்குத் தேவையான காற்று மிகச் சிறிது, உயிர் தரிக்கத் தேவையான காற்று அதைவிட மிக அதிகம். குப்புறப் போடுவது மட்டுந்தான் ஆபத்து என்றும் எண்ண வேண்டாம்: பின்னாலிருந்து கைகளைக் குறுக்காகப் பிடித்து, உட்கார்ந்த நிலையில் முன்னுக்கு வளைக்கும் பிடியிலும் வயிறு மேலேறி மூச்சை அடைக்கும். பருமனான உடல், சாப்பிட்டு நிறைந்த வயிறு, இதயக் கோளாறு, மயக்கம் தரும் மருந்துகள், உங்கள் மகனுக்குள்ள முட்டு, இவை ஒவ்வொன்றும் அபாயத்தைக் கூட்டும்.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1998இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் கூரன்ட் பத்திரிகை, மனநல மற்றும் வளர்ச்சிக் குறைபாட்டு நிலையங்களில் தடுத்துப் பிடிக்கும்போதோ, தனியறையில் அடைத்திருந்தபோதோ, அதற்குச் சற்றுப் பின்னரோ பத்து வருடங்களில் இறந்த 142 பேரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதியது. அதன் பின்னரே 2000ஆம் ஆண்டில் அங்கு இது குறித்த சமஷ்டிச் சட்டம் வந்தது. 1993 முதல் 2003 வரை வதிவிடச் சிகிச்சை நிலையங்களில் இவ்வாறு இறந்த 45 பிள்ளைகளையும் பதின்ம வயதினரையும் பற்றிய ஆய்வொன்று 2006இல் வெளியானது. மரணத்துக்கு முதன்மைக் காரணமாக அதில் இருந்தது மூச்சடைப்பு. இங்கிலாந்தில் 1998இல் மனநல விடுதியொன்றில் ஒருவர் ஏறத்தாழ 25 நிமிடங்கள் குப்புறப் பிடிக்கப்பட்டு இறந்தார். அதை விசாரித்த சுயாதீனக் குழு, குப்புறப் பிடிப்பது எக்காரணத்தாலும் மூன்று நிமிடங்களைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. மூன்று நிமிடம் என்பது, சோறு வடிக்கும் பானையை இறக்கி வைக்கும் நேரம்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதற் கேள்வி: பிடிக்கும்போது, பிடிப்பதில் கை வைக்காத ஒருவர் பக்கத்தில் நின்று பிள்ளையின் முகத்தையும் நிறத்தையும் மூச்சையும் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாரா? அவர் "விடுங்கள்" என்றால், அவர் நிலையத்தில் ஆக இளையவராக இருந்தாலும், மற்றவர்கள் கையை எடுப்பார்களா? இரண்டாவது: பிள்ளை திடீரென்று அடங்கினால் என்ன செய்வார்கள்? அந்தக் கணத்தில்தான் எல்லோரும் பெருமூச்சு விட்டுத் தளர்வார்கள். விடுதியில் நாங்கள் அப்போதுதான் ஓடிப்போய் நாடியைப் பார்க்கப் பழகினோம், அதுவும் பிந்தித்தான் பழகினோம்.

அமெரிக்க வைத்தியசாலைகளுக்கான மத்திய விதிகளில் 9 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தடுத்து வைக்க வைத்தியர் இடும் ஒரு கட்டளை ஒரு மணி நேரத்துக்கும், 9 முதல் 17 வரை இரண்டு மணி நேரத்துக்கும் மேல் செல்லாது. தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் தகுதியுள்ள ஒருவர் நேரில் வந்து பரிசோதிக்க வேண்டும். அவை உச்ச வரம்புகள், இலக்குகள் அல்ல. வைத்தியரும் தாதியும் ஒட்சிசனும் உள்ள இடத்துக்கே இந்தக் கண்டிப்பு என்றால், முதலுதவிப் பெட்டி மட்டுமுள்ள ஒரு வீட்டின் மேல்மாடியில் நடக்கும் நிலையத்துக்கு எவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

விசேட கல்வி ஆசிரியர், கொட்டாஞ்சேனை:

அக்கா எழுதியதில் திருத்த எதுவுமில்லை. ஆனால் பிடித்த பிறகு நடப்பவற்றை மட்டும் கேட்டு வந்தால் பாதி விடயம் தவறிவிடும். ஒரு நிலையம் பாதுகாப்பானதா என்பது பிடிப்பதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

என் வகுப்பு அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 2022 மார்ச்சில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். எட்டு வயது மாணவன் ஒருவன் திடீரென்று கடிக்கத் தொடங்கினான். என் கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. இரண்டு வாரங்கள் நாங்கள் எல்லோரும், "காரணமே இல்லாமல் செய்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது: ஒவ்வொரு சம்பவத்துக்கும் நேரம், சற்று முன் நடந்தது, அவன் செய்தது, நாங்கள் செய்தது என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் நிரல் போட்டு எழுதுவோம். ஒருநாள் உதவி ஆசிரியை அந்தக் கொப்பியையும் பத்திரிகையில் வந்த மின்வெட்டு நேர அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சம்பவங்கள் அத்தனையும் மின்சாரம் போய், பக்கத்துக் கட்டடத்தின் ஜெனரேற்றர் இயங்கத் தொடங்கிய முதல் பத்து நிமிடங்களுக்குள் நடந்திருந்தன. அட்டவணையைப் பார்த்து, வெட்டுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே அவனைப் பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினோம். கடி நின்றது என்று சொல்ல மாட்டேன், வாரத்தில் ஆறு ஏழு என்றிருந்தது ஒன்றாகக் குறைந்தது. அந்தக் கொப்பி இல்லாதிருந்தால் இன்றைக்கும் அவனை "வன்முறையான பிள்ளை" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம், நன்றாகப் பிடிக்கவும் பழகியிருப்போம்.

எனவே படிவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் மகனின் சம்பவப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். விரல் தடம் விழுந்த அந்த நாளுக்கு ஒரு பக்கமும் எழுதப்படவில்லையென்றால், உங்கள் கேள்விக்குரிய பதிலில் பெரும்பங்கு அங்கேயே கிடைத்துவிடும். அடுத்து, இரண்டு நாள் பயிற்சியில் தணிக்கும் முறைகளுக்கு எத்தனை மணி நேரம், பிடிகளுக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டார்கள் என்று கேளுங்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான ரி.சி.ஐ. போன்ற பெயர்பெற்ற பயிற்சிகள் பிள்ளையின் பதற்றம் ஏறும் படிகளையும் அந்தந்தப் படியில் வளர்ந்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதையுமே மையமாகக் கொண்டவை; பிடி அதில் கடைசிப் பகுதி. ஆனால் இங்கே வந்து சேரும்போது வால் தலையாகிவிடுகிறது. படம் எடுத்துப் போடுவதற்கும் பிடிதான் வசதி.

வதிவிட நிலைய ஊழியர்:

மன்னிக்க வேண்டும், எல்லோரும் ஒரே பக்கம் நின்று எழுதுவதால் மறுபக்கத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. நான் போதைப்பொருள் பாவனையிலிருந்து மீளும் இளைஞர்களுக்கான வதிவிட நிலையமொன்றில் வேலை செய்கிறேன். இரவில் 30 பேருக்கு நாங்கள் இருவர். சென்ற வருடம் ஒருவர் கண்ணாடித் துண்டோடு இன்னொருவரின் கழுத்தை நோக்கிப் பாய்ந்தபோது பதிவேடும் வராந்தாவும் உதவவில்லை. நாங்கள் பாய்ந்து பிடித்ததால்தான் உயிர் தப்பியது. என் தோள்மூட்டு விலகியது, இரண்டு மாதம் சம்பளமில்லை. பிடிக்கவே கூடாது என்று சட்டம் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? பொலிசைக் கூப்பிடுவார்கள், அல்லது அந்தப் பிள்ளையை நாளையிலிருந்து வர வேண்டாம் என்பார்கள். வீதியோரத்தில் விசேட தேவையுடைய பிள்ளை வாகனங்களுக்கு நடுவே ஓடினால் இந்தத் தாயும் பிடிக்கத்தானே செய்வார்?

விசேட கல்வி ஆசிரியர், கொட்டாஞ்சேனை:

சேர், காலி வீதியில் ஓடும் பிள்ளையைப் பிடிப்பதை இங்கே எவரும் குறை சொல்லவில்லை. அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 2012இல் வெளியிட்ட 15 கோட்பாடுகளும்கூட, உடனடியான பாரதூரமான உடல் ஆபத்து உள்ளபோது மட்டும் என்றுதான் சொல்கின்றன, ஒருபோதும் இல்லை என்று சொல்லவில்லை. கண்ணாடித் துண்டு அந்த வரையறைக்குள் வரும். கதிரையில் உட்கார மறுப்பது வராது. இந்தத் தாயின் படிவம் இரண்டையும் ஒரே "நெருக்கடி" என்ற சொல்லுக்குள் போட்டிருக்கிறது, அதுதான் பிரச்சினை.

நீங்கள் சொன்ன மற்றது முற்றிலும் நியாயம், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிடிப்பது குறைந்தது என்று ஒரு நிலையம் சொன்னால், அதே காலத்தில் ஊழியர் காயங்கள் கூடினவா, மயக்க மருந்து கூடியதா, "இன்றைக்குக் கூட்டிப் போங்கள்" என்று வீட்டுக்கு எடுக்கும் தொலைபேசி அழைப்புகள் கூடினவா என்று சேர்த்தே பார்க்க வேண்டும். தனியாக எண்ணிக்கை மட்டும் போதாது. 20 பிள்ளைகள் உள்ள இடத்தில் மாதம் ஐந்து தடவை என்பதும் 200 பிள்ளைகள் உள்ள இடத்தில் ஐந்து தடவை என்பதும் ஒன்றல்ல. ஆகவேதான் அமெரிக்க மனநல வைத்தியசாலைகளில் நோயாளிகள் தங்கிய ஆயிரம் மணித்தியாலத்துக்கு எத்தனை மணித்தியாலம் பிடித்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். பூச்சியத்தையும் சந்தேகிக்க வேண்டும். 2015-16 கல்வியாண்டில் அமெரிக்காவின் 17,000க்கு மேற்பட்ட பாடசாலை மாவட்டங்களில் 70 வீதமானவை ஒரு சம்பவமும் இல்லை என்று அறிக்கையிட்டன. அந்நாட்டின் காங்கிரசுக்குரிய கணக்காய்வு அலுவலகம் 2019இல் அந்தத் தரவுகளை ஆராய்ந்து, பல பூச்சியங்கள் உண்மையில் பூச்சியங்களே அல்ல, பதியப்படாதவை என்று காட்டியது.

இரவில் 30 பேருக்கு இருவர் என்பதைத் தாங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கென்றால் உங்கள் தோள்மூட்டு விலகியதற்குக் காரணம் அந்தக் கண்ணாடித் துண்டைவிட அந்த எண்ணிக்கைதான்.

வதிவிட நிலைய ஊழியர்:

அதை மறுக்கவில்லை. எழுதிக் கொடுத்தும் இருக்கிறோம். பதில் இல்லை.

புதுக்கடைச் சட்டத்தரணி:

படிவத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இது பொதுவான தகவலே. உங்கள் விடயத்துக்குரிய ஆலோசனைக்கு ஆவணங்களுடன் ஒருவரை நேரில் காணுங்கள்.

"காயங்களுக்கு நிலையம் பொறுப்பாகாது" என்ற வரிக்கு அஞ்சத் தேவையில்லை. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின்படி, கவனயீனத்தால் ஏற்படும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை ஒப்பந்த வரியொன்றால் விலக்கிக்கொள்ள முடியாது. பயப்பட வேண்டியது அதற்கு முந்திய வரி, அதாவது சம்மதம். எமது தண்டனைச் சட்டக்கோவை, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் பாதுகாவலரின் சம்மதத்தோடு செய்யப்படும் செயல்களுக்குச் சில வரையறைகளுக்கு உட்பட்டுப் பாதுகாப்பு அளிக்கிறது. உங்கள் மகனுக்கு 11 வயது. எல்லையே இல்லாத ஒரு சம்மதத்தில் கையொப்பமிட்டால், நாளை ஏதும் நடந்தால் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அதே சட்டக்கோவையின் 308அ பிரிவு சிறுவர் கொடுமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்குவதையும் மறக்க வேண்டாம்.

அரச பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடுக்கும் சுற்றறிக்கைகள் 2005இலும் 2016இலும் வந்தன. ஆசிரியர் அறைந்ததால் மாணவர் ஒருவரின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், கொடூரமான, இழிவான நடத்துகையைத் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஆனால் அடிப்படை உரிமை மனு நிருவாகத்துறையின், அதாவது அரசின் செயல்களுக்கு எதிரானது. தனியார் நிலையத்துக்கு எதிராக அந்த வழி இலகுவில் திறக்காது. தண்டிப்பதைத் தடுக்கும் விதிகளை, "இது தண்டனை அல்ல, முகாமைத்துவம்" என்று பெயரை மாற்றித் தாண்டிவிடுவதையும் கண்டிருக்கிறேன்.

ஆகவே படிவத்தை மறுக்காமல் மாற்றி எழுதுங்கள். தனக்கோ பிறருக்கோ உடனடியான பாரதூரமான காயம் ஏற்படும் தறுவாயில் மட்டும். குப்புறப் போடுவதும் முன்னுக்கு வளைப்பதும் தனியே பூட்டி வைப்பதும் எந்நிலையிலும் இல்லை. ஆபத்து நீங்கியவுடன் கை எடுக்கப்படும். அன்றைய தினமே எழுத்தில் அறிவிக்கப்படும். எந்நேரமும் சம்மதத்தை மீளப் பெறலாம். இவ்வளவையும் அரைப் பக்கத்துக்குள் எழுதிவிடலாம். பிரதியொன்றில் நிலையத்தின் முத்திரையோடு கையொப்பம் வாங்கி வையுங்கள். மீண்டும் தடம் ஏதும் கண்டால் திகதி தெரியும்படி படம் எடுத்து, அன்றே வைத்தியரிடம் காட்டிப் பதிவு பெறுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் 24 மணி நேரமும் இயங்குவது.

வெள்ளவத்தைத் தாய்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் நன்றி, வதிவிட நிலையச் சகோதரருக்கும் சேர்த்தே.

பதிவேடு இருக்கவில்லை. அந்த நாளைப் பற்றி எழுதியது எதுவுமே இல்லை. அதிபர் அம்மா முதலில் மனம் நொந்தார், "எங்களில் நம்பிக்கை இல்லையா" என்று கேட்டார். நம்பிக்கை இருப்பதால்தான் இங்கே வந்து கதைக்கிறேன் என்று சொன்னேன். கொட்டாஞ்சேனை ஆசிரியரின் மின்வெட்டுக் கதையைச் சொன்ன பிறகுதான் பேச்சு இளகியது. அங்கிருந்த இளம் மிஸ் ஒருவர் தயங்கித் தயங்கி, தடம் விழுந்த அன்று வர்ணம் தீட்டும் வகுப்பு இரத்தாகி, எதுவும் சொல்லாமல் மகனைக் கூடத்துக்கு மாற்றியதாகச் சொன்னார். அவனுக்கு வாரத்தில் ஆகப் பிடித்த மணித்தியாலம் அது.

மாற்றி எழுதிய படிவத்தில் கையொப்பம் கிடைத்தது, ஒரு விடயத்தைத் தவிர. கை வைக்காமல் நின்று பார்ப்பதற்கு ஆள் போதாது என்கிறார்கள். பிற்பகலில் மூவர்தான் இருக்கிறார்களாம். அது முடிவாகும்வரை பிற்பகல் வகுப்புக்கு மகனை அனுப்பவில்லை. ஐந்நூறு பக்க சீ.ஆர். கொப்பி ஒன்றை நானே வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் இரண்டு சம்பவங்கள் எழுதப்பட்டுள்ளன, இரண்டிலும் பிடிக்கவில்லை.

தாதி அக்காவிடம் ஒரு கேள்வி: மகனின் இன்ஹேலர் இப்போது அலுவலக அலுமாரிக்குள் பூட்டி இருக்கிறது. அதை வகுப்பறையில் வைக்கச் சொல்லலாமா?

ஓய்வுபெற்ற தாதி, தெஹிவளை:

கட்டாயம் சொல்லுங்கள், தங்கச்சி. வகுப்பறையில், பூட்டாமல், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், ஸ்பேசரோடு. மிஸ்மார் மூவரும் உங்கள் கண்முன்னே ஒருமுறை பாவித்துக் காட்டட்டும். ஆனால் பிடித்தபின் மூச்சு முட்டினால் அதை முட்டு வருத்தம் என்று நினைத்து இன்ஹேலரோடு நின்றுவிடக் கூடாது: உடனே கையை எடுத்து, நிமிர்த்தி உட்கார வைத்து, 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். இதையும் கொப்பியின் உள் அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.